கொல்லிமலை 70 வளைவு: ஏறுவது இருக்கட்டும், இறங்குவது எப்படி?

பிப்ரவரி 3, 2025, திங்கள்

மதுரையிலிருந்து ஒரு தம்பி கேட்டதை அப்படியே போடுகிறேன்:

"அண்ணா, நாங்கள் நாலு பேர், நாலு வண்டி. மார்ச் நடுவில் ஒரு சனி ஞாயிறு கொல்லிமலை போகலாம் என்று இருக்கிறோம். இரண்டு கேள்வி. காரவள்ளி வழியாக ஏறுவதா, முள்ளுக்குறிச்சி வழியாக ஏறுவதா? அப்புறம், எங்களோடு வருகிற ஒருத்தன், 'எழுபது வளைவிலும் 20-ஐத் தாண்ட முடியாது, அதற்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார், ஆல்டோ போதுமே' என்கிறான். அவன் சொல்வது சரியா?"

காரவள்ளி. அந்த எழுபது கொண்டை ஊசி வளைவும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. முள்ளுக்குறிச்சிப் பக்கம் வளைவு குறைவு. வீட்டுப் பெரியவர்களோடு போனால், தலைசுற்றல் உள்ளவர்கள் வந்தால் அதில் போங்கள்.

நண்பர் சொல்வது பாதி சரி. வளைவுக்குள் வேகம் கிடையாது. ஆனால் ஸ்டீயரிங் கனமாகி உள்ளங்கையில் சாலை தெரிவதும், வளைவு முடிந்து சக்கரம் நேராகும்போது இரண்டாம் கியரில் வண்டி இழுத்துக்கொண்டு கிளம்புவதும் 25 கி.மீ. வேகத்திலேயே கிடைக்கும். அதை எழுபது தடவை அடுத்தடுத்து அனுபவிக்கத்தான் போகிறோம்.

இந்தச் சனிக்கிழமையே சென்னையிலிருந்து நாங்கள் ஆறு வண்டி போகிறோம். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

"கூட்டமாகப் போவது ரேஸ் ஆகாதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பொதுச்சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி குற்றம், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 5000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. எங்கள் கூட்டத்தில் இதை அபராதத்துக்குப் பயந்து சொல்வதில்லை. அந்த மலையில் ஊர்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நேரம் பார்த்து ஏறுகிறவர் எங்களோடு வரமுடியாது. வேகம் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. பந்தயத் தடம் இருக்கிறது. மதுரைக்காரர்களுக்குக் கோவை செட்டிபாளையத்தில் இருக்கிற தடம் பக்கம்.

பிப்ரவரி 7, வெள்ளி, இரவு

நாளை விடியற்காலை 4 மணிக்குப் பரனூர் சுங்கச்சாவடி தாண்டிக் கூடுகிறோம். யார் யார் என்று கேட்டவர்களுக்கு:

சான் ஸ்டார்ம், நம் நாட்டிலேயே செய்த இரண்டு இருக்கைத் திறந்த கார். நாரிழை உடல், 1.2 லிட்டர் ரெனோ எஞ்சின், 60 குதிரைத்திறன். ஓட்டுபவருக்கு வயது 68. எல்லோருக்கும் அவர் ஐயாதான். அடுத்து போர்ஷே பாக்ஸ்டர். வண்டி டாக்டருடையது, ஆனால் மலையில் ஓட்டுவது அவர் மனைவி. எங்கள் கூட்டத்தில் வளைவை அவரைப் போல் எடுக்க இன்னொருவர் இல்லை. மினி கூப்பர் எஸ். மூன்று கதவு போலோ ஜிடிஐ. என்னுடைய 2016 அபார்த் புன்டோ. கடைசியாக ஆக்டேவியா விஆர்எஸ். ஸ்டார்முக்கும் பாக்ஸ்டருக்கும் பெட்டி வைக்க இடம் போதாது. ஆறு வண்டிச் சாமானும் ஆக்டேவியாவின் டிக்கியில்தான் போகிறது. அதனால் அதற்கு நாங்கள் வைத்த பெயர் பார்சல் லாரி.

இரண்டே விதி. மெதுவான வண்டி முன்னால் போகவேண்டும், இந்தத் தடவை ஸ்டார்ம். இன்னொன்று, உங்களுக்குப் பின்னால் வருபவர் கண்ணாடியில் தெரியவில்லையா, இடம் பார்த்து ஓரம் கட்டி நில்லுங்கள். மலையில் பல இடத்தில் போன் எடுக்காது. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் ஒரே ஒரு வண்டிக்குப் பொறுப்பு என்று இருந்தால் ஆறு வண்டியும் சிதறாது.

டயரில் காற்று பார்த்தாயிற்று. மினிக்கு ஸ்டெப்னியே கிடையாது, காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன்ஃபிளாட் டயர்தான். தம்பி, உங்கள் நாலு வண்டியில் எதெதற்கு ஸ்டெப்னி இருக்கிறது என்று இன்றே திறந்து பாருங்கள். ஜாக்கி, ஸ்பேனர், இழுக்கக் கயிறு, டார்ச், 10 லிட்டர் தண்ணீர், எல்லாம் பார்சல் லாரியில்.

பிப்ரவரி 8, சனி, செம்மேடு

சுருக்கமாக. கை வலிக்கிறது, மனசு நிறைந்திருக்கிறது.

உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் ஊருக்கு ஊர் புறவழிச்சாலையில் நாலு வழி திடீரென்று இரண்டு வழியாகச் சுருங்கியது, எதிரில் பஸ் வந்து நின்றது. முதல் தடவை வருகிறவர்கள் இருட்டில் அங்கே போகாதீர்கள். ராசிபுரத்திலிருந்து பேளுக்குறிச்சி. இன்று சனிக்கிழமை, சந்தை நாள். மல்லியும் மிளகாயும் மஞ்சளும் மூட்டை மூட்டையாகக் கிடக்க, ஆறு வண்டியும் மாட்டுவண்டி வேகத்தில் நகர்ந்தன. ஸ்டார்முக்குக் கூரை இல்லை, ஐயா மடியில் ஒரு அம்மா இரண்டு கிலோ மல்லி வைத்துக் காசு வாங்கிவிட்டார்.

காரவள்ளியில் பலகை ஆரம்பிக்கிறது. 1/70. அங்கிருந்து மேலே போகப்போக எண் ஏறும். முதல் பத்தில் வெயில், இருபதுக்கு மேல் நிழல், ஐம்பதுக்கு மேல் குளிர். ஐயா முன்னால் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சின்ன ஹாரன், முதல் கியர், இரண்டாம் கியர், அவ்வளவுதான். 60 குதிரை வண்டிக்குப் பின்னால் பாக்ஸ்டர் அடக்கமாக வந்ததைப் பார்க்க அத்தனை அழகு. ஆறு வண்டியும் ஒரே தாளத்தில் வளைந்தன. இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், ஒரு மணி நேரம் ஆயிற்று. யாருக்கும் அவசரம் தோன்றவில்லை.

மேலே சோளக்காடு என்கிற ஊரில் முடவாட்டுக்கால் சூப். பெயரைக் கேட்டு மினி தம்பி "நான் சைவம்" என்று ஒதுங்கினார். அது பாறையில் படரும் கிழங்கு, ஆட்டுக்கால் போல ரோமத்தோடு இருக்கும், அவ்வளவுதான் என்று கடைக்காரம்மா ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். மூன்று தம்ளர் குடித்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு, இரவு 11.40

எல்லோரும் வீடு வந்து சேர்ந்தோம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் இறங்கும்போது 34-ஆம் வளைவுக்கு மேலே எனக்கு பிரேக் போனது. பெடல் தரைவரை இறங்கிவிட்டது. பேட், அதாவது சக்கரத் தட்டை அழுத்திப் பிடிக்கிற பட்டை, தீய்ந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன். நாளை எழுதுகிறேன், இப்போது தூங்கவேண்டும்.

பிப்ரவரி 10, திங்கள்

தூங்கவில்லை. கண்ணை மூடினால் கால் தானாக அமுக்குகிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், இறங்கப்போகிற யாருக்காவது பயன்படும்.

காலையில் அறப்பளீஸ்வரர் கோயில், அங்கிருந்து ஆகாய கங்கைக்கு ஏறக்குறைய ஆயிரம் படி இறங்கி ஏறினோம். தொடை இரண்டும் கல். மதியம் இரண்டு மணிக்கு இறங்க ஆரம்பித்தோம். ஏறும்போது இருந்த ஒழுங்கு இறங்கும்போது இல்லை, அதை முதலில் ஒத்துக்கொள்ளவேண்டும். சென்னை போய்ச் சேரவேண்டும் என்ற நினைப்பு எல்லோருக்கும் வந்துவிட்டது. ஐயா வழக்கம்போல முன்னால். நான் நான்காவது, எனக்கு முன்னால் போலோ, பின்னால் பார்சல் லாரி.

நான் மூன்றாம் கியரில் இறங்கினேன். ஏறும்போது இரண்டிலும் ஒன்றிலும் ஏறிய அதே சாலையில் மூன்றில் இறங்கினேன். வண்டி உருண்டு வேகம் பிடிக்கும், வளைவுக்கு முன் பிரேக், மறுபடி உருளும், மறுபடி பிரேக். நடு நடுவே காலை முழுதாக எடுக்காமல் பெடல்மேல் வைத்தே இருந்தேன். 50-ஆம் வளைவு வாக்கில் ஒரு வாசனை வந்தது. காய்ந்த கம்பளியைத் தீயில் காட்டினால் வருமே, அது. முன்னால் போகிற வண்டியுடையது என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். என்னை நான் மன்னிக்க முடியாத நொடி அதுதான்.

35 தாண்டி, 34-க்கு முன்னால் இருக்கிற சரிவில் பெடலைத் தொட்டேன். எப்போதும் பாதி வழியில் கிடைக்கிற அந்தக் கெட்டி கிடைக்கவில்லை. ஈரத் துணியை மிதித்த மாதிரி இறங்கிக்கொண்டே போய்த் தரையில் உட்கார்ந்தது. எடுத்து மறுபடி அடித்தேன், கொஞ்சம் பிடித்தது. இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம். கை தானாக இரண்டாம் கியருக்குப் போயிற்று, எஞ்சின் அலறியது, அப்புறம் ஒன்று. ஹேண்ட் பிரேக்கைப் பட்டனை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். மலைப்பக்கம் ஒரு அகலமான மண் ஓரம் இருந்தது. அதில் போய் நின்றது. போலோவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு வண்டி நீளம்கூட இல்லை.

இறங்கிப் பார்த்தால் முன் சக்கரம் இரண்டிலிருந்தும் மெல்லிய புகை. மினி தம்பி ஓடிவந்து தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தார். கடவுள் புண்ணியம், பார்சல் லாரிக்காரர் கையைப் பிடித்துத் தடுத்தார். சிவக்கக் காய்ந்த டிஸ்க்கில், அதாவது பேட் பிடிக்கிற அந்த இரும்புத் தட்டில், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கோணிக்கொள்ளும், விரிசலும் விடும். யாரும் அதைச் செய்யாதீர்கள்.

பார்சல் லாரியை எனக்கு மேலே ஒரு வளைவு தள்ளி நிறுத்தி, நாலு விளக்கும் எரியவிட்டு, சாலையோரத்தில் இலையோடு ஒரு கிளையை ஒடித்துப் போட்டோம். எந்த ஊர் ஓட்டுநருக்கும் அது புரியும். கண்ணாடி விதி அன்றைக்குக் காப்பாற்றியது. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக நின்றிருக்கிறார்கள், ஐயா கீழே 31-இல் வண்டியை விட்டுவிட்டு ஏறி நடந்து வந்தார்.

அந்த நேரம் மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கியது. ஓட்டுநர் நிறுத்தி, தலையை நீட்டி, மூக்கை உறிஞ்சினார். கேள்வியே கேட்கவில்லை.

"எந்த கியர்ல இறக்குனீங்க?"

"மூணு."

"ரெண்டுல ஏறுனா ரெண்டுல இறங்கணும் சார். அரை மணி நேரம் ஆறப் போடுங்க. ஹேண்ட் பிரேக் போட்டு வைக்காதீங்க, கல்லு போடுங்க."

சொல்லிவிட்டு அவர் பஸ்ஸை எடுத்த விதத்தைக் கவனித்தேன். நாற்பது பேர் ஏறிய வண்டி, நடப்பவன் வேகத்தில், எஞ்சின் மட்டும் முனகிக்கொண்டே 34-ஐச் சுற்றி இறங்கிப் போயிற்று. பின்னால் சிவப்பு விளக்கு வளைவுக்கு ஒரே ஒரு தடவைதான் எரிந்தது.

ஹேண்ட் பிரேக் விஷயம் பலருக்குத் தெரியாது. கொதிக்கிற டிஸ்க்கைப் பேட் இறுக்கிப் பிடித்தபடி இருந்தால் அந்த இடத்தில் மட்டும் சூடு தங்கிவிடும். டயருக்குக் கல் கொடுத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட வேண்டும்.

நாற்பது நிமிடம் காத்திருந்தோம். டாக்டரம்மா எல்லோருக்கும் மலை வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். பெடல் திரும்ப வந்தது, ஆனால் பழைய கெட்டி இல்லை. முதல் கியரிலேயே, நடக்கிற வேகத்தில், மீதி வளைவு எல்லாம் இறங்கினேன். எனக்கு முன்னால் யாரையும் வைக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

ஒன்பதாம் தேதி எழுதியது தப்பு. பேட் போகவில்லை. கழற்றிப் பார்த்ததில் முன் பேட் 6 மி.மீ. இன்னும் இருக்கிறது. போனது பிரேக் ஆயில்.

நாமக்கல்லில் நடந்ததைச் சொன்னால் புரியும். அன்று ஞாயிறு, கார் ஷெட் ஒன்றும் திறக்கவில்லை. ஆனால் அது லாரி ஊர், பாடி கட்டும் பட்டறைப் பக்கம் ஒருவர் வேலையாக இருந்தார். வயது ஐம்பது இருக்கும். பானட்டைத் திறந்து ஆயில் டப்பா மூடியைத் திருகி, விரலை விட்டு, வெள்ளைத் துணியில் தடவிக் காட்டினார். தேன் நிறத்தில் இருக்கவேண்டியது கடுங்காப்பி மாதிரி இருந்தது.

"எத்தனை வருஷம் ஆச்சு மாத்தி?"

யோசித்துப் பார்த்தேன். நாலு வருஷத்துக்குக் குறையாது. சர்வீஸ் ரசீதில் ஒவ்வொரு தடவையும் "பிரேக் ஆயில் பார்க்கப்பட்டது" என்று இருக்கும். அளவு பார்த்திருப்பார்கள், மாற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை. வண்டி என்னுடையது, பொறுப்பும் என்னுடையது.

விஷயம் இதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 என்று தர வகை உண்டு. புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்கவேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியபின் அதே டாட் 4-க்குத் தரம் கேட்பது 155 தான். டாட் 3 என்றால் 205-உம் 140-உம். இறக்கத்தில் சூடு டிஸ்க்கிலிருந்து பேட் வழியாக, பேடை அமுக்குகிற காலிப்பருக்கு வரும்போது உள்ளே இருக்கிற ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் ஆகிவிடும். ஆயில் அமுங்காது, அதனால்தான் கால் அமுக்கியது சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. குமிழ் அமுங்கும். நாம் மிதிப்பதெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். ஆறியதும் குமிழ் அடங்கி, பெடல் ஒன்றுமே நடக்காத மாதிரி மேலே வரும். அதை நம்பி "சரியாகிவிட்டது" என்று கிளம்புவதுதான் ஆபத்து.

அவர் லாரி மெக்கானிக். லாரியில் காற்று பிரேக். அவர் சொன்னதை அன்றிலிருந்து பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்: "எங்க வண்டியில ஏர் இருந்தாத்தான் பிரேக். உங்க வண்டியில ஏர் இருந்தா பிரேக் இல்ல."

பையனைச் சைக்கிளில் அனுப்பி ஒரு ஸ்பேர் கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி டாட் 4 வாங்கிவரச் செய்தார். பழைய ஆயிலை ஒவ்வொரு சக்கரமாக வெளியேற்றினார். பின்னால் இடது சக்கரம் முதலில், ஏனென்றால் பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்கு அதுதான் தூரம், அப்புறம் பின் வலது, முன் இடது, முன் வலது. சக்கரத்துப் பக்கம் ஆயில் வெளியேறுகிற நிப்பிளில் ஒரு தெளிவான டியூப், டியூபின் மறுமுனை தண்ணீர்ப் பாட்டிலுக்குள். மினி தம்பி உள்ளே உட்கார்ந்து மிதித்தார். "அமுக்கு. பிடி. விடாத. இப்ப விடு." டியூபில் கறுப்பு வந்தது, நடுவில் கடுகு கடுகாகக் குமிழ், அப்புறம் பழுப்பு, கடைசியில் தேன் நிறம். அந்த நிற மாற்றத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாலு வருஷம் எதை நம்பி ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று அந்தப் பாட்டில் காட்டியது.

ஆயில் காசு மட்டும்தான் வாங்குவேன் என்றார். கூலி கொடுக்கப் போராடவேண்டியிருந்தது. "மலையிலேருந்து வந்தவங்க" என்றார், அவ்வளவுதான்.

பிப்ரவரி 13, வியாழன்

ஒரு இயற்பியல் ஆசிரியர் தனியாக எழுதியிருந்தார்: "எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டீர்களா?" போடவில்லை. ஒரு குடம் தண்ணீர் காய்ச்சுகிற அளவு இருக்கும் என்று குத்துமதிப்பாகப் பதில் சொல்லிவிட்டேன். இன்று மாலை உட்கார்ந்து போடுகிறேன்.

அதே நாள், இரவு

ஒரு குடம் இல்லை, மூன்று.

இரண்டு பேரோடு வண்டி 1300 கிலோ. மேலே இருந்து அடிவாரத்துக்கு உயரம் 900 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1300-ஐ 9.8-ஆல் பெருக்கி 900-ஆல் பெருக்கினால் 1 கோடியே 14 லட்சம் ஜூலுக்கு மேல் வரும். 30 டிகிரித் தண்ணீர் 39 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும். எஞ்சின் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், காற்று கொஞ்சம், டயர் கொஞ்சம். மீதி முழுக்க நாலு இரும்புத் தட்டில். இரண்டாம் கியரில் இறங்கினால் பெரும்பங்கை எஞ்சின் எடுத்து ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியே அனுப்பிவிடும். மூன்றாம் கியரில் நான் அந்த வேலையைப் பேடுக்குத் தள்ளினேன். கியர் ஒன்று தள்ளிப் போட்டதற்கு விலை இது.

நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சம் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மிச்சமும் இல்லை. இப்போதைய வண்டிகள் கியரில் காலை எடுத்து இறங்கும்போது எஞ்சினுக்குப் பெட்ரோலை நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குக் குடிக்கும். எஞ்சினையே நிறுத்தி உருட்டுவது அதைவிட மோசம். பிரேக்குக்கு உதவுகிற வாக்குவம் (எஞ்சின் உறிஞ்சுவதால் வருவது) இரண்டு மூன்று மிதியில் தீரும், ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மெதுவான வண்டி முன்னால் என்று ஏழாம் தேதி விதி எழுதினேன். அதை மாற்றிக்கொள்கிறேன்.

ஐயாவோடு பேசினேன். அவர் சொன்னது எனக்கு உறைத்தது: "ஏறும்போது நான் முன்னால போனது சந்தோஷம். இறங்கும்போது பின்னால அஞ்சு வண்டி வந்துகிட்டு இருக்குன்னு எனக்கு முதுகுல ஒரு பாரம். நான் என் வேகத்துல இறங்கல, உங்க வேகத்துல இறங்கினேன்." அவர் கொஞ்சம் வேகம் கூட்டியிருக்கிறார். அது பின்னால் வரவர வளர்ந்து, நான்காவதாக வந்த என்னிடம் மூன்றாம் கியராகிவிட்டது. நான் யாரையும் துரத்தவில்லை, ஆனாலும் வரிசை என்னை இழுத்தது.

இனி இப்படி: இறங்கும்போது வழி தெரிந்த, நிதானமான ஒருவர் முதலில், மெதுவான வண்டி இரண்டாவது. முதல் ஆள் தன் கண்ணாடியில் அந்த இரண்டாவது வண்டியைப் பார்த்தே இறங்கவேண்டும். அவர்மேல் யாரும் பாரம் ஏற்றக்கூடாது. கருவிகள் உள்ள வண்டி கடைசி. ஒவ்வொரு வண்டிக்கும் நடுவில் ஒரு முழு வளைவு இடைவெளி. 60, 45, 30, 15 என்று நாலு இடத்தில் அகலம் பார்த்து ஓரம் கட்டி ஐந்து நிமிடம் நிற்பது. நிற்கும்போது இறங்கி ஒவ்வொருவரும் தன் வண்டிச் சக்கரத்தை முகர்ந்து பார்க்கவேண்டும். மூக்குதான் முதல் மீட்டர்.

ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, குறுகலான மலைச்சாலையில் சட்டமே அதுதான். ஆறு வண்டி வரிசையாக இறங்கினாலும் எதிரே ஒரு மொபெட்டில் வாழைத்தார் ஏறினால் ஆறும் ஒதுங்கவேண்டும்.

மார்ச் 2, ஞாயிறு

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று ஐயா வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்டார்முக்கும் பிரேக் ஆயில் மாற்றினோம். அவருடையது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, ஆனாலும் "மாத்திருவோம், உன்னைப் பார்த்த பிறகு தூக்கம் வரல" என்றார். மதியம் மோர்க்குழம்பு சாப்பிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சோழவரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பழைய விமான ஓடுதளம், அதில்தான் இருங்காட்டுக்கோட்டை வருவதற்கு முன் சென்னையின் பந்தயங்கள். சின்ன வயதில் அப்பாவோடு பஸ்ஸில் போய் வெயிலில் நின்று பார்த்திருக்கிறார். எந்த வண்டி ஜெயித்தது என்று அவருக்கு ஞாபகம் இல்லை. நேர் ஓட்டம் முடிந்து வளைவுக்கு முன்னால் ஒவ்வொரு ஓட்டுநரும் எந்த இடத்தில் காலை எடுக்கிறார் என்று அப்பா காட்டினாராம். "சத்தம் குறையுற இடத்தைக் கேளு. அதுதான் ஓட்டத் தெரிஞ்சவன்."

கொல்லிமலை பஸ்காரர் நினைவு வந்தது. அவருடைய சிவப்பு விளக்கு ஒரே தடவை எரிந்தது.

அப்புறம் பேச்சு ஓரிக்குப் போயிற்று. செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைமுன் டாக்டர் சொன்னது: ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாகச் சங்கப்பாட்டு. மினி தம்பி உடனே, "அம்புக்கு பிரேக் இல்லை போல" என்றார். ஐயா இன்றும் அதை நினைத்துச் சிரித்தார்.

மார்ச் 23, ஞாயிறு

மதுரைத் தம்பிகள் போய் வந்துவிட்டார்கள். நாலு வண்டியிலும் கிளம்புவதற்கு முன் வாரமே ஆயில் மாற்றியிருக்கிறார்கள். ஒன்றில் என்னுடையதைவிடக் கறுப்பாக வந்ததாம், படம் அனுப்பியிருந்தார்கள். நேரில் பார்த்த மாதிரி வயிற்றைப் பிசைந்தது.

ஆல்டோ போதும் என்ற நண்பர் என்ன சொன்னார் என்று கேட்டேன். இறங்கும்போது அவர்தான் முதல் வண்டியாம். எழுபதும் இரண்டாம் கியரிலேயே. கீழே காரவள்ளியில் நிறுத்தி, பேசாமல் முன் சக்கரத்துப் பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்தாராம். ஒரு வாசனையும் இல்லை. மணி பார்த்திருக்கிறார், மூன்றரை. "வெளிச்சம் இருக்கு, மறுபடி ஏறலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

ஏறியிருக்கிறார்கள். முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கி இரவு வீடு சேர்ந்தார்களாம்.